முத்துத் தீவுகளின் மடங்கள், எண்ணெய் நகரங்களின் ஆலயங்கள்

அரபு வளைகுடாவின் தென்கரையில் இன்று காணக்கூடிய கிறிஸ்தவ ஆலயங்கள் இரண்டு காலங்களைச் சேர்ந்தவை. இஸ்லாம் தோன்றுவதற்குச் சற்று முன்னும் பின்னும் கட்டப்பட்டு, மணலுக்குள் புதைந்து, 1980-களிலிருந்து அகழ்வாய்வில் வெளிப்பட்டவை ஒரு வகை. 20-ஆம் நூற்றாண்டில் வேலை தேடி வந்தவர்களுக்காக எழுந்தவை மற்றொரு வகை. நடுவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் போர்த்துக்கீசியர் கோட்டைகளுக்குள் கட்டிக்கொண்ட சில சிற்றாலயங்கள்தான் உண்டு.

முதல் வகையைப் புரிந்துகொள்ள அன்றைய திருச்சபையின் அமைப்பு தெரிய வேண்டும். ரோமுக்கோ கான்ஸ்டான்டிநோபிளுக்கோ கட்டுப்படாத கீழைத் திருச்சபை ஒன்று பாரசீகப் பேரரசுக்குள் வளர்ந்தது. அதன் தலைமை, இன்றைய பாக்தாத்துக்கு அருகே இருந்த செலூக்கியா - டெசிபோன் நகரில் இருந்தது. வழிபாட்டு மொழி சிரியாக். இன்றைய கத்தார், பஹ்ரைன், சவூதியின் கிழக்குக் கரை ஆகியவற்றை அந்தத் திருச்சபையின் ஆவணங்கள் ‘பேத் கத்ராயே’ என்று குறிப்பிடுகின்றன. ஓமானும் அதை ஒட்டிய பகுதியும் ‘மஸூன்’. 410-ஆம் ஆண்டு கூடிய ஆயர் மன்றத்தின் பதிவிலேயே இந்தப் பகுதியின் ஆயர்கள் வருகிறார்கள்.

676-இல் அத்திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் முதலாம் கிவர்கீஸ் இந்தப் பகுதிக்கே வந்து, தாரூத் தீவில் உள்ள தாரீனில் ஆயர் மன்றத்தைக் கூட்டினார். இறைவாக்கினர் முகமது மறைந்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. கரை முழுவதும் முஸ்லிம் ஆட்சி. அப்படியிருந்தும் மன்றத்தின் கவலைகள் வெகு சாதாரணமானவை: திருமண ஒழுங்கு, ஆயர்களின் அதிகாரம், திருப்பலி முடிந்த கையோடு மதுக்கடைக்குப் போகிறவர்களைக் கண்டிப்பது. ஒடுக்கப்பட்டு அஞ்சி வாழ்ந்த சபை இப்படியொரு விதியை இயற்றியிருக்காது. அதே காலத்தில் கத்ராயே மண்ணில் பிறந்த ஈசாக் என்ற துறவியைக் கிவர்கீஸ் நினிவே நகரின் ஆயராக நியமித்தார். ஈசாக் சில மாதங்களிலேயே பதவியை விட்டுவிட்டு மலைக்குப் போனார். அவர் எழுதிய தியான நூல்கள் கிரேக்க, ரஷ்ய மடங்களில் இன்றும் படிக்கப்படுகின்றன. 2024-இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையும் அவரைத் தன் புனிதர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்து மடங்களில் முதலில் பார்க்க வேண்டியது அபுதாபி அமீரகத்தின் மேற்கே உள்ள சர் பனி யாஸ் தீவு. ஜபல் தன்னா கரையிலிருந்து படகில் போகலாம். ஷேக் சாயித் இத்தீவை வனவிலங்குக் காப்பகமாக மாற்றியிருந்ததால் ஓரிக்ஸ் மான்களும் ஒட்டகச்சிவிங்கிகளும் திரியும் வெளியைக் கடந்துதான் தொல்லியல் இடத்தை அடைய வேண்டும். 1992-இல் தீவுகளை ஆராய்ந்த குழுவின் கண்ணில் சில மேடுகள் பட்டன. வெறும் பழைய வீடுகள் என்றே எண்ணப்பட்டது. 1994-இல் சிலுவை பொறித்த சுதைத் துண்டு கிடைத்ததும் அது கிறிஸ்தவ மடம் என்பது உறுதியானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கண்டறியப்பட்ட முதல் கிறிஸ்தவத் தலம் இதுவே. 2010-இல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2019-இல் மேலே கூரை அமைத்து வெயிலிலிருந்தும் உப்புக் காற்றிலிருந்தும் காத்தார்கள்.

ஆலயம் கிழக்கு நோக்கியது. நடுவே ஒரு கூடம், இருபுறமும் பக்கக் கூடங்கள், கிழக்குக் கோடியில் பலிபீடம். கடற்கரைக் கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள் இப்போது இடுப்பளவுக்கும் கீழேதான் நிற்கின்றன. அந்தப் பூச்சில்தான் அழகு இருந்தது: கொடியும் இலையுமாக ஓடும் சுதை வேலை, நடுநடுவே சிலுவைகள். ஆலயத்தைச் சுற்றித் துறவிகளின் அறைகள். சற்றுத் தள்ளி முற்றம் வைத்த தனி வீடுகள். மடத்தின் பொது வாழ்விலிருந்து ஒதுங்கித் தனிமையில் தியானிக்க மூத்த துறவிகள் அவற்றில் தங்கியிருக்க வேண்டும். ஆடும் மாடும் வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள். மண்பாண்டங்களும் கண்ணாடியும் கடல் வழியே வந்தன.

முதலில் இந்த மடத்துக்கு 600-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் சொல்லப்பட்டது. பானை ஓடுகளை மறுபடி ஆராய்ந்தபோது, 7-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும்தான் மடம் செழித்த காலம் என்பது தெரிந்தது. நூறு ஆண்டு முன்பின் என்பது தொல்லியலில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இங்கே கதையே மாறிவிடுகிறது. இஸ்லாம் வந்தவுடன் அழிந்த மடம் என்று சொல்ல இடமில்லை; இஸ்லாமிய ஆட்சியின் கீழ் இயங்கிய மடம் அது. இடிபாடுகளில் தீயின் தடமோ தாக்குதலின் தடமோ இல்லை. ஆள் குறைந்து கைவிடப்பட்ட இடமாகவே அது காட்சி தருகிறது.

2025 ஜனவரியில் இங்கே மறுபடி அகழ்வாய்வு தொடங்கியது. முற்றம் வைத்த வீடுகளில் ஒன்றிலிருந்து 27 செ.மீ. நீளமும் 17 செ.மீ. அகலமும் 2 செ.மீ. கனமும் கொண்ட சுதைப் பலகை கிடைத்தது. அதில் படிக்கட்டு போன்ற பீடத்தின் மேல் நிற்கும் சிலுவை. பீடத்தின் அடியிலிருந்து இலைகள் முளைக்கின்றன. படிகள் கல்வாரிக் குன்றைக் குறிக்கும். இயேசுவின் உருவம் அதில் இல்லை. பாடுபட்ட சிலுவை என்பதைவிடத் தளிர்க்கும் மரம் என்றே கீழைத் திருச்சபை சிலுவையைப் பார்த்தது.

சென்னைவாசிகளுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. பரங்கிமலை ஆலயத்தின் பலிபீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1547-இல் போர்த்துக்கீசியர் மலையுச்சியில் பழைய இடிபாடுகளைத் தோண்டியபோது கிடைத்தது அது. சுற்றிலும் பஹ்லவி எழுத்து. சிலுவையின் அடியில் இலைகள். கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியிலும் இவ்வகைச் சிலுவைகள் உண்டு. ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. பாரசீகக் கரையில் ரேவ் அர்தஷீர் என்ற நகரம் இருந்தது. அங்கிருந்த பேராயரின் அதிகாரம் வளைகுடாத் தீவுகள் மீதும் இந்தியக் கிறிஸ்தவர்கள் மீதும் சென்றது. 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிமயோன் என்ற பேராயர் தலைமைக்கு அடங்காமல் போனபோது, மறைமுதுவர் மூன்றாம் ஈசோயாப் அவருக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினார். உம்முடைய பிடிவாதத்தால் இந்தியர்கள் ஆயர் இல்லாமல் நிற்கிறார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. மஸூன் மக்கள் தங்கள் சொத்தில் பாதியைக் காப்பாற்றிக்கொள்ள மதத்தையே விட்டுவிட்டார்கள் என்பது இன்னொன்று. அரபியர் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, குருக்களையும் மடங்களையும் மதிக்கவே செய்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். வளைகுடாக் கிறிஸ்தவம் எப்படிக் கரைந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் இல்லை.

அமீரகத்தின் இரண்டாவது மடம் உம் அல் குவைனின் சினியா தீவில் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அலையாத்திக் காடும் சதுப்பும் சூழ்ந்த தீவு. கதிரியக்கக் கார்பன் ஆய்வு 534-க்கும் 656-க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. ஒரே கூடம் கொண்ட ஆலயம், திருமுழுக்குத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, நற்கருணை அப்பம் சுட்டிருக்கக்கூடிய அடுப்பு, பக்கத்தில் மடத்தலைவரோ ஆயரோ வசித்திருக்கக்கூடிய நான்கறை வீடு ஆகியவை வெளிப்பட்டன. அடுத்த ஆண்டே அதே தீவில் சுமார் 12 ஹெக்டேர் பரப்பில் ஒரு முத்துக்குளிப்பு ஊர் வெளிப்பட்டது. சிப்பிக் குவியல், உதிரி முத்துகள், மூழ்குபவர் காலில் கட்டிக்கொள்ளும் எடைக்கல் எல்லாம் அங்கே இருந்தன. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்துறைகளை அறிந்த யாருக்கும் அந்தக் கல் எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. துறவிகள் மனிதர் இல்லாத பாலைவனத்தைத் தேடி இங்கே வந்தவர்கள் அல்ல. சந்தையின் அருகிலேயே மடம் கட்டினார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சவூதியின் ஜுபைலில் 1986-இல் தற்செயலாக வெளிப்பட்ட ஆலயம் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படவில்லை. குவைத்தின் ஃபைலகா தீவில், அல் குசூர் என்ற இடத்தில், பிரெஞ்சுக் குழு 1989-இல் ஆலயத்தைக் கண்டது. சுதைச் சிலுவைகள் அங்கும் உண்டு. பஹ்ரைனின் சமாஹீஜ் கிராமத்தில் பழைய பள்ளிவாசலின் இடிபாட்டுக்குக் கீழே எட்டு அறைக் கட்டடம் ஒன்று கிடைத்திருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 8-ஆம் நூற்றாண்டின் நடுவரை அதில் ஆள் இருந்திருக்கிறார்கள். சமையலறை, உணவுக்கூடம், இந்தியாவிலிருந்து வந்த சூதுபவள மணிகள், பன்றி எலும்புகள் என அன்றாட வாழ்க்கை அப்படியே புலப்படுகிறது. அது ஆயரின் மாளிகையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

போர்த்துக்கீசியர் காலத்து எச்சம் மஸ்கட்டில் இருக்கிறது. துறைமுகத்தைக் காக்கும் மீரானி கோட்டைக்குள் சிறிய சிற்றாலயம் ஒன்று அவர்களுடையது. 1650-இல் ஓமானியர் ஊரை மீட்டதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. உள்ளூர் மக்களோடு அதற்கு ஒட்டுறவு இருந்ததில்லை.

நவீன காலத்தில் முதலில் வந்தவர்கள் மிஷனரிகள். அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த அரேபிய மிஷன் 1893-இல் பஹ்ரைனில் நிலையம் அமைத்தது. 1903-இல் மனாமாவில் மருத்துவமனை திறந்தது. 1906-இல் சிற்றாலயம் கட்டியது. மதம் மாறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

கத்தோலிக்கர் பெருகியது எண்ணெயோடு. பஹ்ரைனில் 1932-இல் எண்ணெய் கிடைத்தது. 1939-இல் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ஹமத் பின் ஈசா கொடுத்த நிலத்தில் மனாமாவின் திரு இருதய ஆலயம் எழுந்தது. வளைகுடாவில் நவீன காலத்தில் கட்டப்பட்ட முதல் கத்தோலிக்க ஆலயம் இதுவே. ஆட்சியாளர் நிலம் தருவது, திருச்சபை பணம் திரட்டிக் கட்டுவது என்ற வழக்கம் இங்கே தொடங்கி மற்ற நாடுகளுக்கும் பரவியது. அபுதாபியில் ஷேக் ஷக்பூத் கடற்கரையோரம் தந்த இடத்தில் 1965-இல் புனித யோசேப்பு ஆலயம் திறக்கப்பட்டது. நகரம் வளர்ந்தபோது வேறு இடத்துக்கு மாறியது. துபாயில் ஷேக் ராஷித் 1966-இல் ஊத் மேத்தாவில் நிலம் வழங்கினார். மறு ஆண்டே புனித மரியன்னை ஆலயம் வந்தது. கூட்டம் தாங்காமல் 1989-இல் அதைப் பெரிதாகக் கட்டினார்கள். மலையாளம், கொங்கணி, தகாலோக், அரபி, தமிழ் எனப் பல மொழிகளில் அங்கே திருப்பலி நடக்கிறது. செப்டம்பரில் தமிழ்ச் சமூகத்தார் வேளாங்கண்ணி மாதா திருவிழா எடுப்பார்கள்.

கத்தாருக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோஹாவின் புறநகரில் பல சபைகளின் ஆலயங்கள் ஒரே வளாகத்தில் அமைந்திருக்கின்றன. செபமாலை அன்னை ஆலயத்தின் வெளிப்புறத்தில் சிலுவையோ மணியோ கிடையாது. ஓமானில் ரூவி, காலா, சலாலா ஆகிய இடங்களில் ஆலயங்கள் உண்டு. சவூதியில் பொது ஆலயம் எதுவும் இல்லை.

கட்டடக்கலைக்காகப் பார்க்கத் தக்கவை சிலவே. பஹ்ரைனின் அவாலியில் 2021 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்ட அரேபிய அன்னை பேராலயம் கூடார வடிவில் எண்கோணமாக நிற்கிறது. 2,300 பேர் அமரலாம். அபுதாபி சாதியாத் தீவில் 2023-இல் திறந்த ஆபிரகாமியக் குடும்ப இல்லத்தில் பள்ளிவாசல், ஆலயம், யூதத் தொழுகைக்கூடம் மூன்றும் ஒரே அளவுக் கனசதுரங்கள். பிரான்சிஸ் அசிசி பெயர் தாங்கிய ஆலயம் கிழக்கு நோக்கியது. பள்ளிவாசல் மக்காவையும் யூதக்கூடம் எருசலேமையும் நோக்குவதால் மூன்றும் வெவ்வேறு கோணத்தில் திரும்பியிருக்கின்றன. 2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸும் அல் அஸ்ஹர் தலைமை இமாமும் அபுதாபியில் கையெழுத்திட்ட மானுட சகோதரத்துவ ஆவணத்தின் விளைவு இது. கட்டடம் கம்பீரமானது. ஆனால் ஊத் மேத்தாவின் நெரிசலில் இருக்கும் உயிர் இதில் இன்னும் குடியேறவில்லை.

பசிலிக்கா என்ற தகுதி அரேபியத் தீபகற்பத்தில் ஒரே ஆலயத்துக்குத்தான் உண்டு. அது குவைத்தின் அஹ்மதியில் இருக்கிறது. குவைத் எண்ணெய் நிறுவனம் தன் ஊழியருக்காக உருவாக்கிய ஊர் அஹ்மதி. 1948-இல் அங்கே வந்த கார்மேல் துறவி தெயோஃபானோ ஸ்டெல்லா சிறிய சிற்றாலயத்தில் தொடங்கினார். இன்றைய அரேபிய அன்னை ஆலயத்தை நிறுவனமே 1950-களில் கட்டிக்கொடுத்தது. உள்ளே இருக்கும் மாதா சுரூபத்துக்கு 1960-இல் முடிசூட்டியவர் பம்பாய் கர்தினால் வலேரியன் கிரேசியஸ். 2025-இல் வத்திக்கான் இதற்குச் சிறிய பசிலிக்கா பட்டம் வழங்கியது.

இந்த ஆலயங்களுக்குப் போகிறவர்கள் கிழமையைக் கவனிக்க வேண்டும். அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை. குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான் நாடுகளில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குப் போக முடியாத தொழிலாளர் வெள்ளிக்கிழமையிலேயே அந்தக் கடமையை நிறைவேற்றிக்கொள்கிறார்கள். அன்றுதான் அங்கே கூட்டம் அதிகம்.