ஈயத்தில் வீசிய காற்று

தென் பிரான்ஸில் வீசும் பலத்த காற்றுக்கு மிஸ்த்ரால் என்று பெயர். 1953இல் மார்செய் நகரின் ஃபோன்டெரி ஒலிவ் என்ற அச்செழுத்து வார்க்கும் நிறுவனம், அதே பெயரில் ஓர் எழுத்துருவை வெளியிட்டது. தூரிகையால் சட்டென்று இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். வரைந்தவர் ரோஜே எக்ஸ்கோஃபோன். மாதிரி, அவருடைய சொந்தக் கையெழுத்துதான்.

கேட்க ஈஸியா இருக்கு. ஆனால் அப்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயக் கட்டை. எதற்குப் பக்கத்தில் எது வந்தாலும் கோடு அறாமல் சேரணும். சேர்த்துக் காட்டினார் மனுஷன். பிரெஞ்சுக் கடைப்பலகைகளில் பரவிய அந்த எழுத்து, 2011இல் 'டிரைவ்' படத் தலைப்பில் இளஞ்சிவப்பாக வந்து நின்றது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கை ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. மிஸ்த்ரால் எழுதும். அவசரத்தில் கிறுக்கியதாகத் தெரியும் ஒவ்வொரு வளைவும், பொறுமையாக உட்கார்ந்து சரிபார்த்தது.