யாழை மீட்டவர்கள்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில் இருக்கிறது எங்கள் வெள்ளாங்குளம். 2011 ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணம் செல்வோர்க்கு இது நேர்வழி. பத்திரிகைத் தலைப்புகளில் அந்நகரை 'யாழ்.' என்று சுருக்கி எத்தனை ஆயிரம் தடவைகள் எழுதியிருப்பேனோ! ஆனால், அந்தக் கருவியின் ஓசையைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடலே யாழ்ப்பாணம் என்ற ஐதீகத்துடன் நாம் திருப்தியடைந்துவிடுகிறோம்.

பழைய இசையை அக்காலத்துக் கருவிகளிலேயே வாசிக்கவேண்டும் என்ற இயக்கத்துக்கு ஐரோப்பாவில் வித்திட்டோருள் ஆர்னல்ட் டொல்மெட்ஸ் (1858-1940) முக்கியமானவர். வயலின் பயின்ற அவர், பழங்கருவிகளைத் தேடிப் பழுதுபார்த்து, பின்னர் தாமே செய்யவும் தொடங்கினார். அவருக்கு அருங்காட்சியகங்களில் மாதிரிகள் இருந்தன. நமக்கோ எஞ்சியவை பாட்டும் உரையும் சிற்பமுமே.

அவற்றை வைத்துக்கொண்டுதான் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆய்வில் இறங்கினார். அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறும் இசைச் செய்திகளைக் கணித விகிதங்களாக்கி, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றை ஆராய்ந்தார். அந்த உழைப்பின் பயனான 'யாழ்நூல்', 1947 ஜூன் 5, 6 ஆந் திகதிகளில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது.

நூலை எழுதிவிடலாம். வாசிப்பது யார்?

தஞ்சை நால்வர் மரபில் வந்த வீணைக் கலைஞர் க.பொ.சிவானந்தம் முன்வந்தார். விபுலாநந்தரின் ஆய்வின்படி செய்யப்பட்ட கருவிகளை அரங்கேற்றத்தில் மீட்டியவர் அவரே. இது எளிதன்று. வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரு தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகங்களை எழுப்பலாம். வில்வடிவ யாழிலோ நரம்புக்கு ஒரு சுரம். இடக்கை ஆண்டுக்கணக்கில் பழகிய வித்தையை ஒதுக்கிவைத்துவிட்டே வீணைக்காரர் யாழைத் தொடவேண்டும்.

திருக்கேதீச்சரத்தைப் பாடிய சம்பந்தருடன் யாழ் வாசித்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமற்போக, அவர் கருவியையே உடைக்க ஓங்கினார் என்கிறது பெரியபுராணம். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர். யாழ் மறைந்தமைக்கு அறிஞர்கள் பல காரணங்கள் சொல்வர். எனக்கென்னவோ, மிடற்றின் நெளிவுசுளிவுகளுக்கு யாழ் ஈடுகொடுக்காததே முதற்காரணமாகப் படுகிறது.

அரங்கேற்றம் முடிந்து ஒன்றரை மாதத்தில், 1947 ஜூலை 19 இல், விபுலாநந்தர் மறைந்தார். சிவானந்தம் பின்னாளில் புகழ்பெற்றது வீணைக் கலைஞராகவே.

அண்மைக் காலத்தில் தருண் சேகர் என்னும் இளைஞர், சென்னையில் யாழைச் செய்து வாசித்தும் வருகிறார். அவர் இசைப்பது பெரும்பாலும் இன்றைய பாட்டு. அதிலே குற்றமில்லை. ஆயினும், யாழ்நூல் கணக்கிட்டுத் தந்த பண்களை யாழிலேயே கேட்கவேண்டும் என்பது என் ஆசை. மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே வீணை பயிலும் மாணவர் ஒருவர் துணிந்தால், முதல் வரிசையில் இருந்து கேட்க நான் தயார்.