ராபர்ஸ் கேவ் முகாமும் இளைஞர் தலைமைப் பயிற்சியும்: ஒரு மறுவிசாரணை

வெவ்வேறு கலாசாரங்களைச் சேர்ந்த இளைஞர்களை ஓரிடத்தில் கூட்டிப் பரஸ்பரப் புரிதலையும் தலைமைப் பண்பையும் வளர்க்க முனைவோர், பொதுவான ஒரு காரியத்தை அவர்கள் கையில் ஒப்படைத்தால் பகைமை தானே கரைந்துவிடும் என்ற கொள்கைக்கு ஆதாரமாக, சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப் 1954-ஆம் ஆண்டுக் கோடையில் ஓக்லஹாமா மாகாணத்து ராபர்ஸ் கேவ் பூங்காவில் சிறுவர் முகாமொன்றில் நடத்திய சோதனையையே பெரும்பாலும் எடுத்துக்காட்டுகின்றனர். அச்சோதனையின் அறிக்கை இக்கொள்கையை ஓரளவே தாங்குகிறது என்பதும், பயிற்சியாளர் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி ஓர் உபகதையாகவே தள்ளப்பட்டுவந்தது என்பதும் என் அபிப்பிராயம்.

போட்டியால் பகைத்து நின்ற இரு கூட்டச் சிறுவர்களை ஒன்றுசேர்க்கும் பொருட்டு, முகாமில் குடிதண்ணீர் தடைப்பட்டதும், உணவு வாங்கிவரவேண்டிய லாரி நகர மறுத்ததும் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவையே. ராட்லர்ஸ், ஈகிள்ஸ் என்று பிரிந்து நின்ற சிறுவர்கள், முன்பு போட்டியில் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி ஒன்றுசேர்ந்து இழுத்த நிகழ்ச்சி பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும், தொடக்கத்தில் கூட்டு வேலை முடிந்த மாத்திரத்திலேயே பழைய ஏச்சும் சச்சரவும் திரும்பின என்பதை ஷெரீப் மறைக்கவில்லை. அவரைப் பின்பற்றியவர்களே அதை விரைந்து கடந்துவிட்டனர். அத்தகைய காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகே பகைமை தணிந்தது.

இனி, உபகதையாகத் தள்ளப்பட்ட அந்தப் பகுதிக்கு வருவோம். முகாம் முடிந்து ஊர் திரும்பும் வேளையில் சிறுவர்கள் தாமாகவே ஒரே பேருந்தில் போக விரும்பினர். வழியில் சிற்றுண்டிக்காக நின்றபோது, ஒரு போட்டியில் பரிசாக வென்ற 5 டாலரை வைத்திருந்த ராட்லர்ஸ் கூட்டத்தார், அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் இரு கூட்டத்தார்க்கும் பானம் வாங்கிக் கொடுத்தனர். தண்ணீரையும் லாரியையும் திட்டமிட்டதுபோல இதை ஆய்வாளர் எவரும் திட்டமிடவில்லை. போட்டியால் ஈட்டிய பொருளே போட்டியாளருடன் பகிரப்பட்டது என்பதும், அவ்வாறு பகிரலாம் என்ற யோசனை சிறுவர் நடுவிலேயே பிறந்தது என்பதும் ஒருங்கே கவனிக்கத்தக்கவை. ஏவிய காரியத்தைச் செவ்வனே முடிப்பது ஒத்துழைப்பு. எவரும் ஏவாதபோது எதிர்த்தரப்பாரின் நலத்தையும் தன் பொறுப்பாக ஏற்பதையே நான் தலைமை என்கிறேன். முன்னதற்குச் சாட்சி லாரி. பின்னதற்கு அந்த 5 டாலர். முன்னது பின்னதற்கு வழிகோலியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. வழிகோலியதையே விளைவாகக் கொள்வதைத்தான் மறுக்கிறேன். போட்டி மூண்டதும் ஈகிள்ஸ் கூட்டத்தில் அமைதிக் காலத்துத் தலைவன் பின்தங்க, வேறொருவன் முன்வந்தான் என்ற செய்தியும், தலைமை என்பது சந்தர்ப்பத்தோடு பிறப்பது என்னும் அனுமானத்தையே வலியுறுத்துகிறது.

அங்கிருந்த இருபத்திரண்டு சிறுவர்களும் ஒரே இனத்தையும் ஒத்த சமூக நிலையையும் சேர்ந்தவர்களாயிற்றே, கலாசார வேற்றுமைக்கு இச்சோதனை எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். வேற்றுமையே இல்லாதவர்களிடத்தும் பரிசுப் பொருள்களும் கொடிகளும் சில நாட்களில் பகையை மூட்டின என்றால், கலாசார வேற்றுமைகளை விளக்கும் சொற்பொழிவுகளோடு பயிற்சியைத் தொடங்குவது நோயின் மூலத்தை விட்டு வேறிடத்தில் மருந்திடுவதாகும். ஒரே ஒரு நிகழ்ச்சியை இவ்வளவு பெரிதாக்கலாகாது என்ற ஆட்சேபத்துக்கு, லாரியை இழுத்ததும் ஓரிரு தடவை நடந்த நிகழ்ச்சிதான் என்பதற்கு மேல் விடை வேண்டுவதில்லை.

ஆகவே முகாமின் பொழுதில் கணிசமான ஒரு பங்கையும், செலவுத் தொகையில் ஒரு பகுதியையும், இன்னதற்கென்று முன்கூட்டியே நிர்ணயிக்காமல் இளைஞர் வசம் விட்டுவைப்பது அவசியம் என்று கருதுகிறேன். 1953-இல் நியூயார்க் மாகாணத்து மிடில் குரோவில் ஷெரீப் நடத்திய முந்தைய முகாமையும் இவ்வகையில் மீண்டும் படிக்கவேண்டும். அங்கே முதலில் ஒன்றாகப் பழகவிடப்பட்டுப் பின்னர் பிரிக்கப்பட்ட சிறுவர்கள், தங்களைப் பெரியவர்களே மோதவிடுகிறார்கள் என்று ஐயுற்றுப் பகைக்க மறுத்தனர். சோதனை இடையிலேயே கைவிடப்பட்டது. அதைத் தோல்வி என்று ஒதுக்கியோர், இளைஞர் தலைமைக்கு அதனினும் வலிய சான்று எதை எதிர்பார்க்கின்றனர் என்பது எனக்கு விளங்கவில்லை.