மிதப்பு

பொருளாதாரக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும்போது ‘பாயன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் முட்டிக்கொண்டேன். சந்தை பாயன்ட்டாக இருக்கிறதாம். பள்ளி இயற்பியலில் மிதப்பு விசை படித்த ஞாபகத்தில் ‘சந்தை மிதப்பில் இருக்கிறது’ என்று எழுதினேன். நண்பன் சிரித்தான்: “என்னடா, சந்தை தண்ணி போட்டிருக்கா?” நம் பேச்சில் மிதப்பு என்றால் போதை, இல்லாவிட்டால் திமிர். ஆங்கிலத்திலோ அது உற்சாகம், வளம்.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லுக்கு ‘போயான்தே’ என்ற ஸ்பானியச் சொல்லோடு உறவு உண்டு. சரக்கு குறைவாக இருப்பதால், அமிழ வேண்டிய அளவு அமிழாமல் உயர மிதக்கும் கப்பலைக் குறிக்கும் சொல் அது. செல்வம் பெருகுவதையும் அதே சொல் குறிக்கிறது. எனக்கு இங்கேதான் இடறியது. சரக்கு ஏறினால்தானே முதலாளிக்குக் காசு? அவர் கணக்கு மிதக்க வேண்டுமென்றால் கப்பல் அமிழணும்.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இந்த முரணுக்கு மாலுமிகள் உயிரைக் கொடுத்தார்கள். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய, இற்றுப்போன கப்பல்களுக்குச் ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றே பெயர். மூழ்கினால் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாலுமி ஏற மறுத்தால் ஜெயில்.

டார்பி தொகுதி உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் மாலுமிகளுக்காக ஒரு புத்தகமே எழுதினார். 1875 ஜூலையில் கப்பல் மசோதாவை அரசு கைவிட்டபோது நாடாளுமன்றத்திலேயே வெடித்தார். சக உறுப்பினர்களை அயோக்கியர்கள் என்றார். 1876 சட்டம், கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு போடுவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் கோடு எந்த உயரத்தில் என்பதை முதலாளியே முடிவு செய்துகொள்ளலாம்! அந்த ஓட்டையை அடைக்க 1890 வரை ஆனது.

இன்றும் சரக்குக் கப்பல்களில் அந்த வட்டத்தையும் குறுக்குக் கோட்டையும் பார்க்கலாம். பக்கத்திலேயே ஏணிப்படி மாதிரி சின்னக் கோடுகள். கடல்நீரைவிட நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும் என்பதால் அதற்குத் தனிக் கோடு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று.

கடைசியில் ‘சந்தை விறுவிறுப்பாக இருக்கிறது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். நண்பனுக்கும் திருப்தி. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சந்தை எவ்வளவு உயரம் மிதக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பேசிய அந்தக் கட்டுரை, சுமையை யார் தலையில் ஏற்றினார்கள், அவர்களுக்குக் கோடு எங்கே என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை.