முதுகெலும்பு முறிவுக்கான ஊசித்துளைச் சிகிச்சை

நொறுங்கி அமுங்கிய முள்ளெலும்புக்குள் தோலின் வழியே ஊசி செலுத்தி, எலும்புச் சிமென்ட் நிரப்பி உறுதிப்படுத்தும் மருத்துவ முறை. முதுகைத் திறந்து அறுவை செய்ய வேண்டியதில்லை. வெர்டிப்ரோபிளாஸ்டி, கைஃபோபிளாஸ்டி ஆகியவை இதன் இரு முதன்மை வகைகள். வலி தாங்காத முதியோர் வாரக்கணக்கில் படுத்துக்கொண்டு அபின் வகை மருந்துகளை நம்பியிருப்பதைத் தவிர்க்கும் வழியாக இது பரவியது. யாருக்கு, எப்போது இது பயன்படும் என்ற கேள்வியைச் சுற்றியே இதன் வரலாறு அமைந்துள்ளது.

முறிவின் இயல்பு

மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியோருக்கும் எலும்பின் அடர்த்தி குறைந்து எலும்புப்புரை உண்டாகிறது. புரையோடிய முள்ளெலும்பு உடையப் பெரிய விபத்து தேவையில்லை. காங்கேயம் போன்ற ஊரில் மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டைத் தூக்கும்போதும், தேங்காய்க் களத்தில் குனிந்து நிமிரும்போதும், பேருந்து பள்ளத்தில் இறங்கிக் குலுங்கும்போதும் அது நேரலாம். குறுக்குப் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவதால் முறிவு தெரியாமலே போகிறது. உலக அளவிலும் முள்ளெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மருத்துவரின் கவனத்துக்கு வருவதாகக் கணிக்கப்படுகிறது. முன்பக்கம் அமுங்கிய எலும்புகள் ஆப்பு வடிவம் பெற, உயரம் குறைந்து கூன் விழுகிறது. வயதானால் கூன் விழத்தான் செய்யும் என்று விட்டுவிடுவது தவறு. பல பாட்டிகளின் கூன், யாரும் கண்டறியாத முறிவுகளின் தடம்.

தென்னை மரத்திலிருந்து விழும் இளைஞரின் முறிவு வேறு வகை. எலும்புத் துண்டு பின்னோக்கித் தள்ளித் தண்டுவடத்தை அழுத்தக்கூடும். அங்கே சிமென்ட் மட்டும் போதாது. திருகாணிகளும் கம்பிகளும் கொண்டு எலும்பை நிறுத்த வேண்டும். தகுந்த முறிவுகளில் இவற்றையும் சிறு துளைகள் வழியாகவே பொருத்தும் முறை இப்போது உண்டு.

தோற்றம்

எலும்புச் சிமென்ட்டாகப் பயன்படுவது அக்ரிலிக் வகைப் பொருள். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் செயற்கை மூட்டைப் பதிக்க இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1984இல் பிரான்சின் அமியான் நகரில் பியேர் கலிபேர், எர்வே தெராமோன் ஆகிய மருத்துவர்கள், கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பை இரத்தநாளக் கட்டி அரித்திருந்த 54 வயதுப் பெண்ணுக்கு ஊசி வழியே இந்தச் சிமென்ட்டைச் செலுத்தினர். நெடுநாள் வலி தணிந்தது. 1987இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையே வெர்டிப்ரோபிளாஸ்டியின் தொடக்க ஆவணம்.

கட்டிக்குப் பிறந்த முறை விரைவில் எலும்புப்புரை முறிவுக்கும் வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு 1997இல் 29 நோயாளிகளின் 47 முறிவுகளைப் பற்றி எழுதியது. அவர்களில் 26 பேருக்கு ஒரே நாளில் வலி குறைந்திருந்தது. எலும்புக்குள் முதலில் பலூனை ஊதி இடம் உண்டாக்கி, பிறகு சிமென்ட் நிரப்பும் கைஃபோபிளாஸ்டியை எலும்பியல் மருத்துவர் மார்க் ரைலி உருவாக்கினார். இது 1998இல் முதன்முதலாகச் செய்யப்பட்டது.

செய்முறை

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இடத்தை மரக்கச்செய்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மருத்துவர் ஊசியைச் செலுத்துகிறார். பொடியும் திரவமும் கலந்த சிமென்ட் பற்பசைப் பதத்துக்கு வந்ததும் சில மில்லிலிட்டர் உள்ளே செல்கிறது. சில நிமிடங்களில் அது சூடேறி இறுகிவிடும். திரையில் தெரிவதற்காக அதில் பேரியம் சல்பேட் கலக்கப்படுகிறது. சிமென்ட் கசிவதே முதன்மையான ஆபத்து. கசிந்தது நரம்பை அழுத்தலாம். இரத்தக்குழாய் வழியே நுரையீரலையும் அடையலாம்.

சோதனைகளும் சர்ச்சையும்

2009இல் இரண்டு ஆய்வுகள் மருத்துவ உலகை உலுக்கின. அமெரிக்காவிலிருந்து கால்மெஸ் தலைமையில் 131 பேரிடமும், ஆஸ்திரேலியாவில் பக்பைண்டர் தலைமையில் 78 பேரிடமும் அவை நடந்தன. ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சை தரப்பட்டது. மறு பிரிவினருக்குச் சிமென்ட்டின் வாசனை மட்டும் பரவ, பாவனைச் சிகிச்சை செய்யப்பட்டது. இரு பிரிவினரின் வலியும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. மாறாக, 2010இல் 202 பேரிடம் நடந்த வெர்டோஸ் 2 ஆய்வு, மருந்தும் ஓய்வும் மட்டும் பெற்றவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நிவாரணம் கூடுதல் என்றது; ஆனால் அதில் பாவனைப் பிரிவு இல்லை. 2016இல் சிட்னியில் 120 பேரிடம் நடந்த வேப்பர் ஆய்வு, ஆறு வாரத்துக்குட்பட்ட புதிய, கடும் வலியுள்ள முறிவில் பயன் உண்டு என்றது. 2018இல் 180 பேரிடம் நடந்த வெர்டோஸ் 4 மீண்டும் பாவனையைவிட மேலான பயன் காணவில்லை. எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதை 2019இல் அமெரிக்க எலும்பு ஆய்வுச் சங்கத்தின் பணிக்குழு ஆதரிக்கவில்லை.

அபின் வகை மருந்துகளும் இந்தியாவும்

மார்ஃபின், டிரமடால் போன்றவை முதியோருக்கு மயக்கத்தையும் மலச்சிக்கலையும் தரும். தள்ளாடி விழுந்தால் அடுத்த எலும்பு முறியும். முக்கினால் முறிந்த முதுகு துடிக்கும். 1990களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் இம்மருந்துகள் தாராளமாக எழுதித் தரப்பட்டதால் அடிமைப்பழக்கமும் மரணங்களும் பெருகின. இந்தியாவின் துயரம் நேரெதிரானது. சட்டப்படி அபின் பயிரிடும் இந்நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிக்குக்கூட மார்ஃபின் எட்டாமல் போனது. 2014இல் வந்த திருத்தம் அதைத் தளர்த்தியது. டிரமடால் 2018இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆகவே இங்கு மாற்று வழி என்பது, தேவையானவரிடமிருந்து மருந்தைப் பறிப்பதற்கான சாக்காகிவிடக் கூடாது.

கொங்கு நாட்டில்

1978இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை, முதுகெலும்புச் சிகிச்சையில் உலகக் கவனம் பெற்ற மையம். அதன் எலும்பியல் துறையை வளர்த்த எஸ். ராஜசேகரனும் பன்னாட்டு மருத்துவர்களும் 2017இல் எழுதிய கட்டுரை, எலும்புப்புரை முறிவுகள் விபத்து முறிவுகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்று விளக்கி, வகைப்பாட்டையும் சிகிச்சை வழிமுறையையும் வகுத்தது.

இன்றைய நிலை

பெரும்பாலான முறிவுகளின் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானே தணியும். அளவான மருந்து, இடுப்புப் பட்டை, மெல்ல நடமாடுதல் ஆகியவையே முதற்படி. வலி அடங்காமல் படுக்கையில் கிடப்பவருக்கு, எம்ஆர்ஐ படத்தில் முறிவு புதிது என உறுதியானால், ஊசித்துளைச் சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது. எலும்பு அமுங்கக் காசநோயோ புற்றுநோயோ காரணமா என ஐயம் எழுந்தால், ஊசி வழியாகவே திசுத் துணுக்கு எடுத்து ஆராயலாம். சிமென்ட் ஓர் எலும்பைத்தான் நிறுத்தும்; மற்ற எலும்புகளின் புரையை ஆற்றாது. கால்சியம், வைட்டமின் டி, எலும்புப்புரை மருந்து ஆகியவற்றைத் தொடராவிட்டால் அடுத்த முறிவு காத்திருக்கும். கட்டுத்தரையில் குனிந்தவர் நிமிர முடியாமல் தவிக்கும் அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே இந்தச் சிகிச்சைகள் அனைத்துக்கும் முன்னால் நிற்கும் சிகிச்சை.