நிழற்படத் தகடும் வரலாற்றுச் சான்றும்: கண்டிப் படங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் சமூக வரலாற்றை ஆராய்வோர், எழுத்தாவணங்களுக்கு அடுத்தபடியாக நாடும் சான்று நிழற்படமாகும். கண்டதைக் கண்டவாறே அது காட்டும் என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்நம்பிக்கை எவ்வளவு பொருந்தும் என்பதைக் கண்டியில் உருவான படங்களைக் கொண்டு ஆராய்தல் பயனுடையது.

கோப்பிச் செய்கை செழித்திருந்த காலத்தில், 1867 இல் புகையிரதப் பாதை கண்டியை அடைந்தது. அக்காலத்திலேயே அங்கு தொழில் நடத்தியவர் யோசப் லோட்டன். 1870-71 இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசாங்கத்துக்காகப் படம்பிடித்தவரும் அவரே. அவரை அடுத்துச் சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியில் நிலையம் அமைத்து, பேராதனைப் பூங்காவின் மரஞ்செடிகளையும் தோட்டங்களையும் மனிதரையும் பதிவு செய்தார்.

லோட்டன் காலத்தில் வழங்கியது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்துக் கழுவவேண்டும். ஆதலின் இருட்டுக் கூடாரமும் இரசாயனப் பொருள்களும் கமராவுடன் காட்டுவழியே சுமந்து செல்லப்பட்டன. இத்தகடு நீல, ஊதா ஒளிகளையே பெரிதும் உணரும்; செந்நிறத்தை உணராது. நீலவானம் வெறும் வெண்மையாகியதும், சிவப்புச் சேலை கருமையாகியதும் இதனாலேயே.

இவ்வியல்பை இன்றும் பரிசோதித்தறியலாம். 1895 இல் றொஞ்சன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் முதலிற் கண்ணாடித் தகடுகளிலேயே பதிவாயின. 1918 இல் கொடக் நிறுவனம் இருபுறமும் பசைப்பூச்சுடைய பிலிமை வெளியிட்டது. பெரிய கமராக்களைக் கையாள்வோர் சிலர், மலிவு கருதி, மருத்துவமனைக்குரிய இப்பிலிமைச் சாதாரண நிழற்படத்துக்கும் பயன்படுத்துகின்றனர். நீலத்தை மட்டுமோ, நீலத்துடன் பச்சையையுமோ உணரும் இது, செந்நிறத்துக்குக் குருடானது. எனவே சிவப்பு விளக்கொளியிற் கழுவலாம். நீலத்தை மட்டும் உணரும் வகையைக் கொண்டு கண்டி வாவியைப் படம்பிடிப்பின், லோட்டன் காலத்து வெளிறிய வானமே தோன்றும். மனித முகத்தைப் பிடிப்பின், தவிட்டுநிறத் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாகவே அமையும்.

இங்குதான் வரலாற்றுப் பிரச்சினை எழுகின்றது. தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் அக்காலப் படங்களிற் பெயரின்றி, இனப்பெயரோ தொழிற்பெயரோ மட்டும் தாங்கி நிற்கின்றனர். மனிதரை வகைமாதிரிகளாக நோக்கிய குடியேற்றவாதப் பார்வைக்கு, முகங்களின் மிகைக்கருமை இயற்கையின் சாட்சியமாகவே தோன்றியிருக்கும். அக்கருமையில் ஒரு பகுதி இரசாயனத்தின் விளைவு. பெயரின்மையோ மனிதரின் செயல். தகட்டின் குறையை அறிவியல் விளக்கிவிடும். பெயரெழுதாது விட்ட குறையை அது விளக்காது.

எனவே, நிழற்படத்தைச் சான்றாகக் கொள்வோர் அதில் உள்ளது யாது என்பதோடு, எத்தகட்டில், எவரால், எவருக்காக அது எடுக்கப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும். மலையக மக்களின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இவ்வினா இன்றியமையாததாகும்.