ஒரே ஆல்பம், இரண்டு வடிவம்: ‘எம்பரர்’ இசானின் தனிப்பயணம்

நார்வேயின் மூத்த பிளாக் மெட்டல் கலைஞர் இசான், 2024 பிப்ரவரியில் தமது பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டார். அது இரண்டு வடிவங்களில் வந்தது. ஒன்றில் கிட்டார், டிரம்ஸ், அலறும் குரலுடன் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒலிக்கிறது. மற்றொன்றில் ஆர்க்கெஸ்ட்ரா மட்டுமே.

டெலிமார்க் வட்டாரத்தின் நோட்டோடன் நகரைச் சேர்ந்த இவரின் இயற்பெயர் வெகார்ட் ட்வெய்ட்டன். 1991இல், பதின்ம வயதிலேயே, நண்பர் சமோத்துடன் ‘எம்பரர்’ குழுவைத் தொடங்கினார். தேவாலயங்கள் தீக்கிரையான காலம் அது. குழுவின் மற்ற சிலர் தீவைப்பு, கொலைக் குற்றங்களுக்காகச் சிறை சென்றனர். இசான் பெயர் பெற்றதோ இசையால்தான். இரைச்சலும் வேகமுமே அடையாளமாக இருந்த பிளாக் மெட்டலில், கீபோர்டு வழியாக சிம்ஃபனியின் பிரம்மாண்டத்தைக் கொண்டுவந்தது ‘எம்பரர்’.

2001இல் வெளிவந்த கடைசி ஆல்பத்தின் இசை முழுவதையும் இசானே அமைத்தார். அதோடு குழு கலைந்தது. பின்னர் அவ்வப்போது மேடையில் ஒன்றுகூடினாலும் புதிய ஆல்பம் எதையும் அது தரவில்லை.

2006இல் தனி ஆல்பங்களைத் தொடங்கிய இசான், பழைய பாணியைத் திரும்பச் செய்யவில்லை. 2010இல் வந்த ‘ஆஃப்டர்’ ஆல்பத்தில் சாக்சஃபோன் நுழைந்தது. பழைய ரசிகர்கள் பலருக்கு அது அதிர்ச்சிதான். 2020இல் இரண்டு குறுந்தொகுப்புகள் வந்தன. சொந்த ஊர்ப்பக்கத்தின் பெயர் தாங்கிய ‘டெலிமார்க்’ கரடுமுரடானது. அதில் அவரது சொந்தப் பாடல்கள் நார்வே மொழியில். ‘ஃபாரோஸ்’ மென்மையானது. அதில் ‘ஆ-ஹா’ குழுவின் பாடல் ஒன்றும் உண்டு!

2024 ஆல்பத்திற்கு அவர் முதலில் பியானோவுக்கான இசைக்குறிப்பாகவே எல்லாவற்றையும் எழுதினார். அதைப் பின்னர் மெட்டல் குழுவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பிரித்தளித்தார். பொதுவாக, மெட்டல் பாடல் முடிந்தபின் வயலின் ஒலியை மேலே பூசுவார்கள். அப்படிப் பூசியதைத் தனியே எடுத்தால் நிற்காது. இங்கே நிற்கிறது. கிட்டாருக்கு அடியில் புதைந்திருந்த மெட்டுகள், ஆர்க்கெஸ்ட்ரா வடிவில் தெளிவாகக் கேட்கின்றன.

ஆனாலும், படம் இல்லாத திரைப்படப் பின்னணி இசைபோல் அது தோன்றும் இடங்கள் உண்டு. பதற்றமும் உயிரும் மெட்டல் வடிவத்தில்தான் அதிகம். புதிதாகக் கேட்பவர்கள் ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தை முதலில் கேட்டுவிட்டு மற்றதற்குப் போகலாம். அலறல் குரலுக்குப் பின்னால் ஓடும் மெட்டு அப்போது எளிதில் பிடிபடும்.